எல்லாரும் மறந்த ஒரு முதல் ஆல்பம்



ஹிப்ஹாப் தமிழா ஆதியைப் பலருக்கு 2015-ல் வந்த ‘ஆம்பள’ படத்திலிருந்துதான் தெரியும். நம்ம கோயமுத்தூர்ப் பையன், 2012-லேயே ‘ஹிப் ஹாப் தமிழன்’னு ஒரு ஆல்பம் போட்டவர். எந்தப் படத்துக்கும் போட்ட பாட்டில்லீங்க.

‘கிளப்புல மப்புல’ மட்டுந்தான் எல்லார் வாயிலும் நின்னுச்சு. பெண்பிள்ளைகளுக்கு மட்டும் புத்தி சொல்ற அந்தப் பாட்டு எனக்கு ஒப்பவே ஒப்பாது. அதை விட்டுட்டு ‘செந்தமிழ்ப் பேச்சு’ கேளுங்க.

எதுகை, மோனை, இயைபு நடத்தினா கொட்டாவி விடுவீங்களே, ராப்புக்கு உசுரே அடிக் கடைசியில வர்ற அந்த இயைபுதான். தமிழ்ல பேசக் கூச்சப்படற உங்க பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்க. இலக்கணத்தை அப்புறம் நான் சொல்லித் தர்றேன்.