விழுங்கியதா, ஒட்டி நிற்பதா?

மூளைத் திசுவில், அதன் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது என் வேலை. வெள்ளணுக்கள் கிருமியை அடையாளம் காணப் பயன்படுத்தும் ஏற்பிகள் பலவும் இந்தச் செல்களின் மேலும் உண்டு. அவற்றுள் என் மனதைப் பிடித்துக்கொண்டது சிஆர்3. நோயெதிர்ப்புப் புரதமான சி3-இன் துண்டு ஒட்டிய கிருமியை விழுங்க வெள்ளணுக்களுக்கு உதவுவது அது. கிருமியே புகாத, வளரும் மூளையில் அதற்கு என்ன வேலை?

ஆய்வாளர்கள் டோரதி ஷேஃபர், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர் 2012-இல் சுண்டெலிக் குட்டிகளில் இதற்கு விடை கண்டார்கள். இரு கண்களிலிருந்தும் மூளைக்குச் செல்லும் நரம்பிழைகளுக்கு வெவ்வேறு நிறம் ஏற்றினார்கள். பிறந்த ஐந்தாம் நாளில், அந்த இழைகள் போய்ச் சேரும் தலாமஸ் பகுதியில், மைக்ரோகிளியாவின் வயிற்றுக்குள் அந்த நிறத் துணுக்குகள் இருந்தன. சிஆர்3 இல்லாத குட்டிகளிலோ விழுங்குவது குறைந்தது. அவை வளர்ந்த பிறகும் சினாப்ஸ்கள் எனும் நரம்பிணைப்புகள் மிகுதியாகவே நின்றன. வேண்டாத இணைப்புகளைக் கழித்து மூளையைச் செதுக்குவதில் இந்த ஏற்பிக்கும் பங்கு இருக்கிறது.

துணுக்கு விழுங்கப்பட்டது என்று நிரூபிப்பது கடினம். சினாப்ஸ் முனை ஏறத்தாழ ஒரு மைக்ரான்தான். கன்ஃபோகல் நுண்ணோக்கி பக்கவாட்டில் 0.2 மைக்ரான்வரை பிரித்துக் காட்டும். ஆழத்தில் அந்தக் கூர்மை இரண்டு மூன்று மடங்கு குறைந்துவிடும். கண்ணாடிக் கிண்ணத்தை நேர் மேலிருந்து பார்த்தால், அதன் உள்ளே கிடக்கும் மணியும் அதற்கு அடியில் வெளியே கிடக்கும் மணியும் ஒன்றுபோலத்தானே தெரியும்? அதனால் படத்தை அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வொரு நிறப் புள்ளியையும் மேலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் வெட்டிப் பார்க்கிறேன். செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் காட்டும் சிடி68 சாயமும் அதே இடத்தில் இருந்தால்தான் செரிமானம் நடக்கிறது என்று நம்புவேன். எந்தத் திசு ஏற்பி உள்ள எலியுடையது, எது இல்லாததுடையது என்பது எண்ணி முடியும்வரை எனக்குத் தெரியாது. சிலைடுகளில் வேறொருவர் குறியீடு மட்டும் எழுதித் தருவார்.

இத்தனை கறார் ஏன்? அல்சைமர் மாதிரி எலிகளில், அமிலாய்டு படிவுகள் திரளும் முன்பே இதே வழியில் மைக்ரோகிளியா சினாப்ஸ்களைத் தின்னத் தொடங்குவதை 2016-இல் ஒரு ஆய்வு காட்டியது. இளமையில் மூளையைச் செதுக்கும் ஏற்பி, நோயில் அதை அரிக்கவும் கூடும். அந்த ஏற்பியை எப்போது, எங்கே, எவ்வளவு தடுக்கலாம் என்ற முடிவு எங்களைப் போன்றவர்கள் எண்ணும் புள்ளிகளை நம்பித்தான் எடுக்கப்படும். ஐயம் தீராத புள்ளியை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.