137.62

சில எண்கள் மனசை விட்டுப் போவதில்லை. பழைய வீட்டு லேண்ட்லைன் நம்பர், அப்பாவின் பஜாஜ் ஸ்கூட்டர் நம்பர், அப்புறம் இந்த 137.62. மெகாஹெர்ட்ஸ் கணக்கு இது. நோவா-15 என்கிற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள் ஒலிபரப்பிய அலைவரிசை. நோவா-18க்கு 137.9125, நோவா-19க்கு 137.1. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மூன்றையும் சொல்வேன். சொல்லி என்ன பயன்? 2025 ஜூன் 6-ஆம் தேதி பதினெட்டை நிறுத்தினார்கள். ஆகஸ்ட் 13-இல் பத்தொன்பது. அடுத்த ஆறு நாளில் பதினைந்தும் அடங்கியது.

மாயவரத்தில் கூறைநாட்டுப் பக்கம் எங்கள் வீடு. தெருவில் அப்போதும் ஒன்றிரண்டு தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மாடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முதன்முதலாக நோவாவின் சத்தத்தைக் கேட்டபோது, இது நம்ம தெருச் சத்தமாயிற்றே என்றுதான் நினைத்தேன். மெல்லிய விசிலுக்கு நடுவே டக்-டிக், டக்-டிக். நொடிக்கு இரண்டு வரி. வரிக்கு வரி ஊடை ஓடுகிற மாதிரி திரையில் படம் வளரும். விசில் 2400 ஹெர்ட்ஸ். அதன் ஒலி உரத்தால் வெளிச்சம், தணிந்தால் இருட்டு. டக், டிக் இரண்டும் வரியின் தொடக்கத்தையும் நடுவையும் காட்டுகிற அடையாளங்கள். ஒரே வரியில் இரண்டு படங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிடும்.

இதற்குக் கடவுச்சொல் கிடையாது, கட்டணம் கிடையாது. 1963 டிசம்பரில் டைரோஸ்-8 என்கிற செயற்கைக்கோள் இந்த முறையைத் தொடங்கிவைத்தது. மலிவான கருவி வைத்திருக்கிற எந்த நாடும் தன் தலைக்கு மேலே இருக்கிற மேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் இப்போதும் ஆச்சரியம்தான். பூமிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேலிருந்து வெறும் 5 வாட்டில் வந்தது அந்தச் சத்தம்.

டிவி பார்ப்பதற்காகச் செய்த ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிளை ரேடியோவாக மாற்றலாம் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் என் மாதிரி ஆட்களுக்கு வழி பிறந்தது. அதற்கு முன் இது வசதிக்காரர்கள் விளையாட்டு. ஆன்டெனாவுக்கு இரண்டு அலுமினியக் குச்சிகள், ஒவ்வொன்றும் 53 சென்டிமீட்டர் சொச்சம், 120 பாகை விரித்துப் படுக்க வைத்தால் போதும். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஒயர் மிச்சம். படமாக்கும் மென்பொருளை நியூசிலாந்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் ஒதுங்கிக்கொண்டார், அவருடைய தளமும் மறைந்தது. ஆனாலும் உலகம் முழுக்க ஆட்கள் அதைப் பிரதியெடுத்துக் கைமாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

செயற்கைக்கோள் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் வரும் என்று தினசரிக் காலண்டர் தாளில் எழுதி வைப்பேன். அம்மா காலையில் ராகு காலம் பார்க்கும்போதே, "ஏன்டா, உன் சாட்டிலைட்டுக்கு இன்னிக்கு எத்தன மணிக்கு நல்ல நேரம்?" என்பாள். கிண்டல்தான். ஆனால் 6.50 என்று எழுதியிருந்தால் 6.45-க்கே காபி வந்துவிடும்.

மாலையில் பதினைந்து தெற்கிலிருந்து ஏறும். அதனால் படம் தலைகீழாக வரும். முதலில் இந்துமாக்கடல், பிறகு கவிழ்ந்த இலங்கை, பிறகு நாம். பன்னிரண்டு பதின்மூன்று நிமிஷத்தில் இமயமலைப் பனி வரைக்கும் போய், வடக்கே இரைச்சலில் மூழ்கும். வரும்போது அலைவரிசை மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவு கூடுதலாகவும் போகும்போது அதே அளவு குறைவாகவும் இருக்கும். நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்பதை அந்தச் சரிவிலேயே கண்ணால் பார்க்கலாம்.

படத்தின் தரம் பற்றிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒரு புள்ளிக்கு 4 கிலோமீட்டர். இதைவிட நல்ல படம் அப்போதே போனில் கிடைத்தது. ஆனால் போனில் வந்த படத்தில் எங்கள் வீடு இல்லை. இதில் இருந்தது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கோள் போகிற நேரத்தில் ஆந்திராவுக்குக் குறுக்கே ஒரு புழுதிப் பட்டை விழும். கீழே அம்மா மிக்ஸி போட்டால் வங்காள விரிகுடாவில் கோடுகள் ஓடும். ஒரு நாள் படத்தை எடுத்துப் பார்த்து, இன்றைக்குத் தேங்காய்ச் சட்னியா வெங்காயச் சட்னியா என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடலாம்.

2018 நவம்பர் 15 சாயங்காலம் எடுத்த படம் இன்னும் வைத்திருக்கிறேன். அகச்சிவப்புப் படம், குளிர்ந்த மேகம் வெள்ளையாகத் தெரியும். கடலில் கஜா புயல் நின்றுகொண்டிருந்தது. நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே அது கரையேறியது. தென்னந்தோப்புகள் சாய்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். அந்தப் படத்தில் சட்னிக் கோடு இல்லை. அன்று அம்மா சீக்கிரமே சமையலை முடித்துவிட்டாள்.

பதினைந்து மேல் எனக்குத் தனிப் பாசம். அது ஏறிய நாள் 1998 மே 13. பொக்ரானில் அந்த மாதம் இரண்டாம் முறையாக அணுகுண்டு வெடித்த அதே நாள். நம் ஊர்ப் பேப்பரில் இதற்கெல்லாம் இடம் ஏது! இரண்டு வருஷம் உழைத்தால் போதும் என்று செய்தது, இருபத்தேழு வருஷம் ஓடியது. கடைசி வருஷங்களில் கண்ணாடியைச் சுழற்றும் மோட்டார் அவ்வப்போது திணறும். படம் கிழிந்து வெறும் கோடாகும். போய்விட்டது என்று எல்லாரும் முடிவு கட்டும்போது திரும்பவும் சரியாகும். நாங்கள் ஆளுக்கொரு மாடியில் இருந்து அதன் நாடி பிடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது ரஷ்யாவின் மீட்டியோர் கோள்கள் அதே 137-இல் வருகின்றன. அதே குச்சிகள் போதும். புள்ளிக்கு 1 கிலோமீட்டர், வண்ணப் படம், குறை சொல்ல முடியாது. ஆனால் அது டிஜிட்டல். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். வந்தால் சுத்தமாக வரும், இல்லாவிட்டால் கறுப்புக் கட்டம். எதிர்வீட்டுப் பையனிடம் ஒரு படம் காட்டினேன். "இதுக்கு எதுக்கு அங்கிள் மாடி ஏறணும்? போன்லயே இருக்கே" என்றான். நியாயமான கேள்வி. ஒன்பதரைக்கு அடுத்தது வருது, வேணும்னா வா என்றேன். வந்தான், கரண்ட் போயிருந்ததால்.