டோராவின் வயலில் மஞ்சள் பூக்கள்

பள்ளியில் வேர்ட்ஸ்வொர்த்தின் ‘டாஃபடில்ஸ்’ கவிதையை மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பூவை நேரில் பார்த்தவர்கள்தான் குறைவு.

பார்க்க ஆசையா? வடமேற்கு இங்கிலாந்தின் ‘லேக் டிஸ்ட்ரிக்ட்’டுக்குப் போக வேண்டும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை சீசன். லண்டன் யூஸ்டனில் ரயில் ஏறி, ஆக்ஸன்ஹோமில் வண்டி மாறினால் விண்டர்மியர் வந்துவிடும்.

முதலில் அல்ஸ்வாட்டர் ஏரி. அதன் மேற்குக் கரையில் இருக்கிறது கிளென்காய்ன். 1802 ஏப்ரல் 15 அன்று, பலத்த காற்றில் இந்தக் கரையோரமாக வீடு திரும்பும்போதுதான் கவிஞர் அந்தப் பூக்கூட்டத்தைப் பார்த்தார். கவிதையில் அவர் தனியாகத் திரிகிறார். நிஜத்தில் தங்கை டோரதியும் கூட நடந்தார்.

டோரதி அன்றைய காட்சியைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். காற்றில் ஆடும் பூக்களோடு, களைத்துப்போய்க் கல்லில் தலைசாய்த்த பூக்களும் அதில் உண்டு. அண்ணனின் கவிதையிலோ களைத்த பூ ஒன்றுகூட இல்லை, எல்லாமே ஆடுகின்றன. ரொமான்டிக் கவிஞர்களுக்கு இயற்கை வெறும் பின்னணி அல்ல, மனதின் கண்ணாடி. அன்று அவர் மனதில் இருந்தது மகிழ்ச்சி.

கவிதை எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் 1804-ல்தான் அவருடைய மகள் டோரா பிறந்தாள்.

அடுத்து, கிர்க்ஸ்டோன் கணவாயைத் தாண்டித் தெற்கே இறங்கி, ஆம்பிள்சைட் வழியாக ரைடல் கிராமத்துக்குப் போகலாம். கவிஞர் கடைசிவரை வாழ்ந்த ‘ரைடல் மவுன்ட்’ வீடு இங்கேதான். தேவாலயத்தை ஒட்டி ஒரு சரிவான நிலம். வீடு கட்டுவதற்காக 1826-ல் அவர் வாங்கி, பிறகு மகளுக்குக் கொடுத்தது.

1847-ல் காசநோய் டோராவைக் கொண்டுபோய்விட்டது. வயது 42. வயதான பெற்றோர் அந்த நிலத்தில் வீடு கட்டவில்லை. மகள் நினைவாக டாஃபடில் நட்டார்கள். சந்தோஷத்துக்கு அடையாளமாக உலகமே படித்த அதே பூ, இங்கே துக்கத்தின் அடையாளமானது. ‘டோராவின் வயல்’ இன்றும் வசந்தத்தில் மஞ்சளாகிறது. யாரும் போய்ப் பார்க்கலாம். பறிக்காமல், மிதிக்காமல் நடந்தால் போதும்.

ரைடலிலிருந்து கிராஸ்மியருக்கு மலைச்சரிவில் ஒரு பழைய பாதை போகிறது. அந்தக் காலத்தில் சவப்பெட்டிகளைச் சுமந்து சென்ற வழி. மெதுவாக நடந்தாலும் ஒன்றரை மணி நேரம்தான். பாதை முடியும் ஊரின் தேவாலயத் தோட்டத்தில், அதிக அலங்காரமில்லாத கல்லறைகள். 1850 ஏப்ரல் 23 அன்று, டாஃபடில் சீசன் முடிகிற நேரத்தில் இறந்த கவிஞர், மகளுக்கு அருகிலேயே உறங்குகிறார்.