கல்குடாவில் நீரைப் படித்தல்: ஒரு பாட ஆண்டின் நாட்குறிப்பு

ஓகஸ்ட் 1

மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981ஆம் ஆண்டு இந்நாளில் வந்தாறுமூலையில் தொடங்கப்பட்டு, 1986 ஒக்டோபரில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்டது. மத்திய சுற்றாடல் அதிகார சபை நிறுவப்பட்டதும் அதே 1981இல்தான் என்பதால், மட்டக்களப்பு மாவட்டத்தின் பல்கலைக்கழகக் கல்வியும் இலங்கையின் சூழல் நிருவாகமும் ஒரே வயதினவாகும். சூழல் இரசாயனவியல் என்பது காற்றிலும் நீரிலும் மண்ணிலும் உள்ள பொருள்கள் எங்கிருந்து வருகின்றன, வழியில் என்னவாக மாறுகின்றன, இறுதியில் எங்கே சென்று படிகின்றன என்பவற்றை ஆராயும் துறை. அதனை இங்கே பயில்பவருக்கு, வந்தாறுமூலையிலிருந்து திருகோணமலை வீதி வழியே வடக்காகக் கல்குடா வரை கிடக்கும் நிலமே முதற் பாடநூலாக அமைய வேண்டும். வயல்வெளி, மாதுரு ஓயா வந்து கலக்கும் வாழைச்சேனை வாவி, அதன் ஓரத்துக் கண்டற் காடு, கடதாசி ஆலை, மணலில் தோண்டிய கிணறுகள், பாசிக்குடாக் கடல் என ஒன்றுக்கொன்று நீரால் இணைந்த இத்தனை சூழல்கள் இவ்வளவு குறுகிய தூரத்துக்குள் அமைவது அரிது.

ஆய்வுகூடத்தில் ஓர் அளவீட்டுக்கு எண்ணும் அலகும் போதுமானவை. களத்தில் அவை போதா. மாதிரி எடுத்த நாள், நேரம், ஆழம், காற்றின் திசை, முதல்நாள் மழை, ஆற்றுவாய் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பன எழுதப்படாத எண் எதனையும் உணர்த்துவதில்லை. ஆகவே களக் குறிப்பேடு இத்துறையின் முதற் கருவியாகும். மாணவர் கையில் அளவியும் குழாயியும் வருவதற்கு முன்னரே அது வந்துவிட வேண்டும்.

ஓகஸ்ட் 23

கோடையின் கடைசிக் கூறு. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில், மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின் மேல் ஒரு வில்லை வடிவில் தங்கி நிற்கிறது. கல்குடாப் பகுதிக் கரையோரக் கிணறுகள் இவ்வில்லையிலிருந்தே நீர் பெறுகின்றன. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின், அதன் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கலாம். இதனைத் தனித்தனியே கண்டறிந்த கைபன், ஹெர்ஸ்பேர்க் ஆகிய இருவரின் பெயரால் இவ்விதி அழைக்கப்படுகிறது. இதன் மறுபுறம் கடுமையானது: மின்மோட்டர் நீர்மட்டத்தை ஒரு சாண் இறக்கினால், உவர்நீர் அதன் நாற்பது மடங்கு மேலேற முனையும். வாளியால் அள்ளிய காலத்தில் இனித்த கிணறு மோட்டர் பூட்டிய பின் உவர்ப்பதற்குக் காரணம் இதுவே.

உவர்ப்பை அளக்கும் எளிய முறை, கார்ல் பிரீட்ரிக் மோர் 1856இல் வகுத்த குளோரைட்டு நியமிப்பு ஆகும். நியமிப்பு என்பது செறிவு தெரிந்த ஒரு கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து, தெரியாத ஒன்றின் அளவைக் கணிக்கும் முறை. மஞ்சள் நிறப் பொற்றாசியம் குரோமேற்று காட்டியாக இடப்பட்ட கிணற்று நீரில் வெள்ளி நைத்திரேற்றுத் துளி விழுமிடத்தில் செங்கல் நிறம் ஒரு கணம் தோன்றி, குடுவையைச் சுழற்றியதும் மறைந்து, வெண்ணிற வெள்ளிக் குளோரைட்டு மட்டும் கலங்கி நிற்கும். குளோரைட்டு முழுவதும் தீர்ந்தபின் விழும் துளியின் செந்நிறமே மறையாது தங்கும். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட்டு உண்டு; குடிநீரில் 250ஐத் தாண்டினால் நாக்கு அதனை உணரத் தொடங்கும். எனவே நூறு குடம் நன்னீரில் ஒன்றரைக் குடம் கடல்நீர் கலந்தாலே கிணறு கெட்டதாகக் கொள்ளப்படும்.

நாக்கு கண்டறியாத நைத்திரேற்று இதைவிடக் கவலைக்குரியது. மலசலகூடக் குழியிலிருந்தும் உரமிட்ட தோட்டத்திலிருந்தும் வரும் நைதரசன் மணலில் நைத்திரேற்றாக மாறுகிறது. அது எதிரேற்றம் கொண்டதாதலால் மணல் அதனைப் பிடித்துவைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேற்பட்ட நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றோ நீர் வற்றுவதற்கேற்பச் செறிவடையும். இந்த ஒரு செய்தி மணற்கிணறு உள்ள ஒவ்வொரு வீட்டையும் சென்றடைய வேண்டும்.

செப்டெம்பர் 5

1990ஆம் ஆண்டு இந்நாளில், வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்களுள் 158 பேர் கைதுசெய்து கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய குடும்பங்கள் இன்றும் விடை கேட்டு நிற்கின்றன. அத்தகைய போர்க்கால ஆண்டுகளில் வாவியில் தோணி இறக்கி, மாதந்தவறாது நீர் எடுத்துப் பதிவது நடவாத காரியம் என்பதால், இப்பகுதி நீரின் தொடர் பதிவில் நீண்ட இடைவெளி உண்டு. இன்றைய மாணவர் ஓர் அளவீட்டை முன்னைய காலத்தோடு ஒப்பிட முற்படும்போதெல்லாம் இந்த வெற்றிடத்தை எதிர்கொள்கிறார்.

ஒக்டோபர் 9

மாரிக்கு முந்திய இக்காலத்தில் வாவி ஆழங்குறைந்து, சூடேறி, அசைவற்றுக் கிடக்கும். வாவி மீன்கள் செத்து மிதந்தால், யார் எந்த நஞ்சை ஊற்றினார் என்பதே ஊரின் முதற் கேள்வியாக எழுகிறது. அக்கேள்வி நியாயமானதே, ஆயினும் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, விடியற்புறத்தில் நீரில் எவ்வளவு ஒட்சிசன் இருந்தது என்பதாகும். பகலில் பாசியினங்கள் ஒளித்தொகுப்பால் ஒட்சிசனை வெளிவிடுகின்றன. இரவில் அவையும் மீன்களும் சேற்று நுண்ணுயிர்களும் அதனையே நுகர்கின்றன. 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் நன்னீர் கரைத்துவைக்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான், கடல்நீரில் அது 6ஐச் சற்றே தாண்டும். நண்பகலில் எடுத்த மாதிரி நிறைவான ஒட்சிசனைக் காட்டும். அதே இடத்தில், அதே நாளில், சூரியன் எழுமுன் எடுத்தது பற்றாக்குறையைக் காட்டக்கூடும். இரண்டு எண்களும் சரியானவை. நேரம் எழுதப்படாவிடில் இரண்டுமே பயனற்றவை.

ஹங்கேரியரான லாயோஷ் விங்க்ளர் 1888இல் வகுத்த முறையின் சிறப்பு, ஒட்சிசனைத் தோணியிலேயே பிடித்து நிறுத்திவிடுவதில் உள்ளது. காற்றுக்குமிழி புகாது நிரப்பிய போத்தலில் மங்கனீசு சல்பேற்றையும் காரம் கலந்த அயடைட்டுக் கரைசலையும் சேர்த்து மூடியதும் வீழ்படிவு திரண்டு இறங்கும். ஒட்சிசன் இருந்தால் அது கபில நிறம் கொள்ளும், இல்லையெனில் வெண்மையாகவே நிற்கும். கருவி எதுவுமின்றித் தோணியிலிருந்தே வாவியின் நிலையைக் கண்ணால் காட்டும் இச்சோதனைக்கு இணையான செய்முறைப் பாடம் வேறில்லை.

நீரிலுள்ள கழிவின் அளவை அறியும் முறையான இரசாயன ஒட்சிசன் தேவைச் சோதனையில், பொற்றாசியம் இருகுரோமேற்றால் சேதனப் பொருள்கள் ஒட்சியேற்றப்படுகின்றன. வாவி நீரின் குளோரைட்டும் இருகுரோமேற்றை நுகர்ந்து விடையைப் பொய்யாக்குவதால், அதனைக் கட்டிவைக்கப் பாதரச சல்பேற்றுச் சேர்க்க வேண்டியுள்ளது. மாசை அளக்கும் செயலே பாதரசக் கழிவை உண்டாக்குகிறது என்பதனையும், அக்கழிவு கழுவுதொட்டியில் ஊற்றப்படாது தனியே சேகரிக்கப்பட வேண்டும் என்பதனையும் முதல் வகுப்பிலேயே கற்பிப்பது ஆசிரியர் கடமையாகும்.

நவம்பர் 20

மாரி பிடித்துவிட்டது. வெள்ளம் வயல்களை மூடும்போது மணல் அடைத்த முகத்துவாரங்களில் ஆற்றுவாய் வெட்டப்படுவதும், எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீனவருக்கும் கருத்து வேறுபடுவதும் மட்டக்களப்புக்குப் பழகியவை. இரசாயன நோக்கில், ஆற்றுவாய் திறப்பது சில நாள்களுக்குள் வாவியின் உப்பளவையே மாற்றியமைக்கும் நிகழ்வு. பெரும்போக விதைப்பின் உரமும் வெள்ளத்தோடு வருகிறது. நிறைக்கு 46 வீதம் நைதரசன் கொண்ட யூரியா மண்ணில் அமோனியமாகப் பிரிகிறது; அதில் பயிர் எடுக்காததன் ஒரு பகுதி வாய்க்கால் வழியே வாவியை அடைந்து பாசிக்கு உணவாகிறது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. உழவரைப் பெரிதும் வருத்திய அந்த முடிவுக்கு முன், வயலிலிருந்து வெளியேறும் நைதரசன் இடத்துக்கு இடம் அளக்கப்பட்டிருக்க வேண்டும்.

டிசெம்பர் 26

2004ஆம் ஆண்டு சுனாமி கல்குடாக் கரையை அழித்து, உயிர்களைக் கொண்டுசென்றதோடு, கிணறுகளையும் கடல்நீரால் நிரப்பியது. மீண்டு வந்த மக்களும் உதவ வந்தோரும் கிணறுகளை இறைத்து இறைத்துத் துப்புரவு செய்தனர். ஆனால் உப்பு கிணற்றில் மட்டுமன்றிச் சுற்றியுள்ள மணலிலும் இறங்கியிருந்தது. அளவுமீறி இறைக்கும்போது கீழுள்ள உவர்நீர் மேலேறவும் இடமுண்டு. மட்டக்களப்புக் கரையோரக் கிணறுகளைத் தொடர்ந்து அளந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவகத்தின் ஆய்வாளர்கள், உப்பைக் கழுவி அகற்றுவதில் பருவமழையே முதன்மையானது எனக் கண்டனர். நல்லெண்ணத்தோடு செய்த இறைப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதனைச் சொல்ல உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன்மானி ஊருக்கு ஒன்றும் அதனை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் போதும். அடுத்த இடருக்கு முன் அத்தகையவர்களை உருவாக்குவதற்காகவே சூழல் இரசாயனவியல் பாடநெறி இங்கு இருக்க வேண்டும்.

பெப்ரவரி 10

வாழைச்சேனைக் கடதாசி ஆலை 1956இல் நிறுவப்பட்டது. மாவட்டத்தின் வைக்கோல் ஆலையின் மூலப்பொருளாகி, பலருக்குத் தொழிலும் நாட்டுக்குக் கடதாசியும் தந்தது. போர்க்காலத்தில் அது நலிந்தது. வைக்கோலைக் கூழாக்க அதனை எரிசோடாவில் வேகவைத்து, நார்களை ஒட்டவைக்கும் இலிக்னின் என்னும் பொருளைக் கரைத்தெடுக்க வேண்டும்; எஞ்சுவது கருநிறக் கழிவுக் கரைசல். மரக்கூழ் ஆலைகள் இதனை வற்றவைத்து எரித்துச் சோடாவை மீட்கின்றன. நெல் வைக்கோலிலோ சிலிக்கா மிகுதி; அது காரத்தில் கரைந்து, வற்றவைக்கும் கலன்களில் கடினமாகப் படிவதால் மீட்பு கடினமாகிறது. வைக்கோலை நம்பிய ஆலைகளின் கழிவுச் சிக்கல் உலகெங்கும் இந்தச் சிலிக்காவிலிருந்தே தொடங்குகிறது.

கழிவை மதிப்பிட வழங்கும் உயிர் இரசாயன ஒட்சிசன் தேவைச் சோதனை, 20 பாகையில் ஐந்து நாள் நடைபெறுவது. பிரித்தானிய ஆறுகள் கடலை அடைய ஐந்து நாளுக்கு மேல் எடுப்பதில்லை என்னும் கருத்திலிருந்து அக்கால அளவு வந்தது. 30 பாகை வெப்பத்தில் தேங்கிக் கிடக்கும் வாவியில், மெல்லச் சிதையும் இலிக்னினுக்கு அந்த ஐந்து நாள் பொருந்துவதில்லை. மாணவர் இதனை எண்ணாது வாய்பாட்டில் இட்டால் குறைவான விடையே பெறுவார்.

ஆலை முழுமூச்சாக இயங்கிய காலத்து வாவிநீர் கடலுக்குச் சென்றுவிட்டது; சேறு சென்றுவிடவில்லை. குழாய் இறக்கி எடுக்கும் சேற்றுத் தூணில், அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 22 ஆண்டுகளான கதிரியக்க ஈயம்-210 அடுக்குகளின் வயதைக் கூறும். 2004இன் கடல்மணல் அடுக்கு எங்கேனும் அகப்பட்டால் அதுவே உறுதியான ஓர் ஆண்டுக்குறியாகும். பதிவு எழுதப்படாத ஆண்டுகளை ஓரளவேனும் மீட்க இவ்வழி உண்டு. கதிரியக்க அளவீட்டை வசதியுள்ள ஆய்வுகூடம் செய்துதரலாம். தூணை எடுத்து, ஒரு சென்ரிமீற்றர் துண்டுகளாக அரிந்து, உலர்த்தி, நிறுத்து, ஆழம் எழுதிப் பொதிவது இறுதியாண்டு மாணவர் ஒருவரால் வாழைச்சேனையில் தொடங்கக்கூடிய வேலை.