கிரீஸ் புகைந்த மலைப்பாதை

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே ஃபேர்ஃபாக்ஸ் என்றொரு சிற்றூர் உண்டு. அதனையொட்டிய மலையில் ஒரு மண்பாதை, இரண்டே மைலில் சுமார் 1300 அடி இறங்குகிறது. 1976இல் இளைஞர் சிலர் அதில் சைக்கிள் பந்தயம் தொடங்கினர்.

அவர்கள் ஓட்டியவை பெரும்பாலும் ஷ்வின் நிறுவனம் 1930, 40களில் செய்த, தடித்த டயர் கொண்ட பழைய வண்டிகள். பெடலைப் பின்னோக்கி மிதித்தால்தான் பிரேக் பிடிக்கும். அடிவாரம் சேர்வதற்குள் ஹப்பிலுள்ள கிரீஸ் காய்ந்து புகைந்துவிடும். மீண்டும் அடைத்தாக வேண்டும். அப்பொருள் தரும் 'ரீபேக்' என்பதே பாதையின் பெயராயிற்று.

அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ், 1977இல் மலைக்கென்றே புதிய ஃபிரேம் அமைத்தார். 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ஜப்பானில் செய்வித்த மலைச் சைக்கிளைச் சந்தைக்குக் கொணர்ந்தது. விற்பனை பெருகியது. ஷ்வினோ காலத்தே விழித்துக்கொள்ளவில்லை. காரணங்கள் பலவெனினும், 1992இல் திவாலாயிற்று.

வித்து அதனுடையது, விளைச்சல் பிறருடையது. வணிகக் குடும்பத்தவரே! நாம் விற்ற பொருளை மக்கள் எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்பதைக் கல்லாவை விட்டெழுந்து சற்றே கவனிப்போமாக.