பாதி முடிந்த வண்டி

பழைய பொருளை விற்பது சுலபம். பழுதில்லாத பொருளானால் கடைத்தெருவில் அதற்கு ஒரு விலை உண்டு. உடைந்த பொருளானால் பழைய இரும்புக் கடையில் அதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டுக்கும் நடுவில், பாதி செப்பனிட்டு நிற்கும் பொருளுக்குத்தான் விலை சொல்லுவார் இல்லை. விற்கிறவன் கண்ணுக்கு ஆன பாதி தெரிகிறது. வாங்க வருகிறவன் கண்ணுக்கு ஆகாத பாதி தெரிகிறது. இருவர் சொல்லுவதும் உண்மைதான். ஆகையால் பேரம் முடிவதில்லை.

இந்தச் சங்கடத்தை நாம் சென்ற ஆண்டு போடிநாயக்கனூரில் பூரணமாக அனுபவித்தோம். நாம் விற்கப் புறப்பட்டது ஒரு மோட்டார் வண்டி. சாதாரண வண்டியல்ல, மடக்குத் துணிக் கூரையும், கம்பிச் சக்கரங்களும், இரண்டே ஆசனங்களும் உள்ள எம்.ஜி. வண்டி. டி.ஸி. என்பது அதன் இனத்துப் பெயர். இங்கிலாந்தில் ஆபிங்டன் என்னும் ஊரில் 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 வண்டிகள் இந்த இனத்தில் செய்தார்கள். முன் கண்ணாடியை அப்படியே படுக்க வைத்துவிட்டுக் காற்று முகத்தில் அறைய ஓட்டிக்கொண்டு போவதற்கென்றே பிறந்த வண்டி.

இப்பேர்ப்பட்ட வஸ்து போடிக்கு எப்படி வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். போடி பார்க்கத்தான் சிறிய ஊர். மலைச் சரக்குக்கு அதுவே வாசற்படி. ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலை குண்டளை ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அடித்துக்கொண்டு போயிற்று. 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. சரக்கு இறங்கிய வழியிலேதான் துரைமார்களும் ஏறினார்கள். அவர்களில் ஒருவரிடம் நம் பாட்டனார் கணக்கப்பிள்ளையாக இருந்தார். 1956-இல் துரை சீமைக்குத் திரும்பியபோது, பாக்கிச் சம்பளத்துக்கு ஈடாக இந்த வண்டியைக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினார். சம்பளத்தை எதிர்பார்த்திருந்த பாட்டியார் அன்று மோட்டாரைப் பார்த்து என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுவது உசிதமல்ல.

பாட்டனார் சில காலம் அதை ஓட்டினார். பிறகு அது போடிமெட்டுச் சரிவில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரை ஒட்டிய தாழ்வாரத்தில் முடங்கிற்று. போடி ஊர் மழை மறைவிலே இருக்கிறது. ஆனால் 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிவிட்டால் தென்மேற்குப் பருவத்தின் ராஜ்யம். ஏலத்துக்கு அந்த ஈரம் அமிர்தம், வண்டிக்கு விஷம். ஏனென்றால் இந்த இனத்து வண்டிக்கு மேலே தகடு, உள்ளே மரச்சட்டம். ஆஷ் என்ற சீமை மரத்தால் கூடு கட்டி, அதன் மேல் தகட்டைப் போர்த்தியிருப்பார்கள். தகப்பனார் காலமான பிறகு நாம் வண்டியைக் கீழே கொண்டுவந்தபோது, கதவைத் திறந்தால் கதவு மட்டும் வரவில்லை. அதைத் தாங்கிய சட்டமும் கையோடு வந்தது.

ஏழு வருஷம் செப்பனிட்டோம். ஊரிலேயே மூத்த மேஸ்திரி ஒருவர் இயந்திரத்தைக் கவனித்தார். அவருக்கு முதல் மாதமே ஒரு திகைப்பு. “சார், இங்கிலீஷ் ஸ்பானர் சரியாகப் பிடிக்கிறது. ஆனால் இங்கிலீஷ் போல்ட்டு உள்ளே ஏறமாட்டேன் என்கிறதே!” என்றார். விசாரித்ததில் விஷயம் வேடிக்கையாக இருந்தது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் கவென்ட்ரியில் ஒரு தொழிற்சாலை வைத்தது. 1923-இல் மாரிஸ் அதை வாங்கினார். அங்கே இருந்த கடைசல் இயந்திரங்கள் எல்லாம் மில்லிமீட்டர் மரை வெட்டுகிறவை. அவற்றை மாற்றப் பணம் செலவாகும் என்று, மரையைப் பிரெஞ்சு அளவிலும், தலையை இங்கிலீஷ் ஸ்பானருக்கு ஏற்ற அளவிலும் செய்து வழக்கமாக்கிவிட்டார்கள். அந்த வழக்கம் எம்.ஜி. வரைக்கும் தொடர்ந்தது. இந்நாளில் நம் கடைகளில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு மரை இடைவெளி 1.25, இதற்கு வேண்டியதோ 1 மில்லிமீட்டர். ஒவ்வொரு போல்ட்டையும் தனியாகக் கடைந்துதான் போட வேண்டியிருந்தது. “வெள்ளைக்காரன் வண்டிக்குள் பிரெஞ்சுக்காரன் ஒளிந்திருக்கிறான்” என்று மேஸ்திரி சிரித்துக்கொண்டே ஒரு வருஷத்தைக் கழித்தார்.

மரக்கூட்டை ஆசாரி ஒருவர் எடுத்துக்கொண்டார். ஆஷ் மரத்துக்கு நாம் எங்கே போவது? நாட்டுத் தேக்கில் புதுச் சட்டம் செய்தார். பழைய சட்டத்தின் மக்கிய துண்டுகளைத் தரையில் பரப்பி, எலும்பு பொறுக்கி உடம்பு கட்டுவதுபோல் ஒவ்வொன்றாக அளவெடுத்தார். கதவு சாத்தும்போது கேட்கும் அந்த ‘டக்’ என்ற ஒலிக்காகவே அவருக்கு இன்னொரு முறை கூலி கொடுக்கலாம்.

இயந்திரம் ஓடிற்று, கூடு நின்றது. ஆனால் மின்கம்பிகள், ஆசனங்கள், துணிக் கூரை, வர்ணம் ஆகியவை மிச்சம். கையிருப்போ மிச்சமில்லை. அதுவரை செலவு 3,60,000 ரூபாய்; மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி 60,000. பூர்விக வீட்டின் ஓடுகள் ஐப்பசி மழையை இன்னொரு முறை தாங்கா. தவிர, வண்டி நம் ஒருவருடையதல்ல. தமக்கையாருக்கும் தம்பிக்கும் சமபங்கு உண்டு. நிலத்தைப் பங்கு போடலாம், பாத்திரத்தைப் பங்கு போடலாம். மோட்டாரை எப்படிப் பங்கு போடுவது? விற்பது என்று மூவரும் கூடித் தீர்மானித்தோம்.

தரகர் ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி வந்து, தேக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். “12 லட்சத்துக்கு ஆள் இருக்கிறது, சார். எல்லாம் பழைய மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே தோல் போர்த்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? நாமாக ஒன்றும் சொல்ல வேண்டாம்; அவ்வளவுதான்” என்றார்.

பொய் சொல்லச் சொல்லவில்லை. மௌனமாக இருக்கத்தான் சொன்னார். மௌனத்துக்கு அவர் வைத்த விலை, மேஸ்திரியின் பாக்கியையும் வீட்டின் கூரையையும் சேர்த்துத் தீர்த்துவிடும். இதில் சட்டத்தின் சிக்கலும் ஒன்று உண்டு. 2021-இல் மத்திய சர்க்கார் செய்த விதிகளின்படி, 50 வருஷத்துக்கு மேற்பட்டு, மூல உருவம் மாறாமல் இருக்கும் வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுதல், பராமரிப்பு போன்றவற்றுக்கன்றி அவற்றைச் சாலையில் ஓட்டலாகாது. தேக்கு மரம் மூல உருவமா, மாறிய உருவமா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் அதிகாரி. உண்மையை மறைத்து விற்றால், வாங்குகிறவர் தாம் அறியாத ஒன்றுக்கு அதிகாரியின் முன்னால் கையெழுத்துப் போடுவார்.

தமக்கையாரிடம் கேட்டோம். அவர் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். “தம்பி, மூட்டைக்கு மேலே எட்டு எம்.எம். பச்சைக் காயை வைத்து, அடியிலே வெடித்த காயை வைக்கிறவனும் ஏலத்துக்கு வருகிறான். அடுத்த ஏலத்திலே அவன் மூட்டையை யாரும் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை” என்றார். பிறகு சற்று நிறுத்தி, “நீ இன்னொரு மோட்டார் விற்கப் போவதில்லை என்பது வாஸ்தவந்தான். ஆனால் அந்த ஆசாரி இன்னும் இந்த ஊரில் தொழில் செய்யவேண்டும். அவர் வேலையைத் தோல் போட்டு மூடினால், அது களவுச் சரக்கு என்று நாமே சொன்னதாகாதா?” என்றார்.

இந்தக் கடைசி நியாயம் நமக்குத் தோன்றியிருக்கவில்லை. 12 லட்சக்காரருக்கு உண்மையை எழுதினோம். அவர் மரியாதையாக விலகிக்கொண்டார்.

அதன் பின் ஐந்து மாதம் ஒருவரும் வரவில்லை. ஆனி பிறந்தது, மலைமேல் மேகம் கவிந்தது. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலிருப்பதிலும் பல தினுசு உண்டு. நாம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, இடது பக்கத்தில் ஆன வேலையையும், வலது பக்கத்தில் ஆகாத வேலையையும் எழுதினோம். எந்தப் போல்ட் புதிது, எந்தத் தகடு ஒட்டுப் போட்டது, எந்த மரம் தேக்கு என்று மேஸ்திரியும் ஆசாரியும் சொல்லச் சொல்ல எழுதியதில் நோட்டு நிறைந்துவிட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். ஜி.டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்ட நாள் முதல் மோட்டார்ப் பித்து அந்தப் பிரதேசத்துக்குப் புதிதல்ல. பழைய கார்களுக்கென்றே 2015 முதல் அங்கே ஒரு காட்சிசாலையும் இருக்கிறது. வந்தவர் வண்டியைப் பார்ப்பதற்கு முன் நோட்டைப் படித்தார். பிறகு டார்ச்சு விளக்குடன் அடியில் படுத்தார். எழுந்து, கதவை மூன்று தடவை திறந்து சாத்தினார்.

“இந்தச் சட்டம் செய்தவரைப் பார்க்கலாமா?” என்று கேட்டார்.

ஆசாரி வந்தார். இருவரும் மரத்தின் ரேகையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நாம் பக்கத்தில் நின்றும் அவர்களுக்கு வேண்டாதவராக இருந்தோம். முடிவில் அவர் 9,60,000 ரூபாய் சொன்னார். நாம் சம்மதித்தோம். நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேஸ்திரியின் பாக்கி போக 9,00,000 நின்றது. மூன்றாகப் பங்கு போட நாம் பேனாவை எடுத்தபோது தமக்கையார் தடுத்தார். “நீ செலவழித்த பணத்தை முதலில் எடு. நீ செப்பனிட்டபோது நாங்கள் ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லையே” என்றார். தம்பியும் தலையசைத்தான். ஆகவே 3,60,000 போக மீதி 5,40,000, தலைக்கு 1,80,000. விற்பனையில் நமக்குக் கிடைத்த பெரிய லாபம் அந்தத் தலையசைப்புத்தான் என்று தோன்றுகிறது. வண்டிகளால் குடும்பங்கள் பிரிந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

வீட்டுக்கு வீடு பாதியில் நிற்கும் பொருள் ஒன்று இருக்கும். மோட்டாராயில்லாவிட்டால் தையல் இயந்திரம், வீணை, பரணில் ஏற்றிய கட்டில் என்று ஏதாவது இருக்கும். அதை விற்க நேர்ந்தால் ஒரு நோட்டு வாங்குவது நல்லது. வலது பக்கத்தை எழுதக் கூசுகிறவனுக்கு, இடது பக்கத்தை நம்புகிற ஆள் கிடைப்பதில்லை. நோட்டின் விலை 20 ரூபாய். நமக்கு அது தரகரின் 12 லட்சத்தைக் கொடுக்கவில்லை. ஆனால் ஆசாரி இன்றும் கடைத்தெருவில் நம்மைக் கண்டால் நின்று, “வண்டி எப்படி இருக்கிறதாம்?” என்று தலைநிமிர்ந்து கேட்கிறார்.