எதிர்கொண்டு அழைக்கும் ஊர்

சித்திரை பிறந்ததும் மதுரை வீட்டைவிட்டு வெளியே வந்துவிடுகிறது. வேப்பம்பூ உதிர்ந்து தெருவெல்லாம் மணக்கும். மல்லிகை மிகுதியாகப் பூத்து விலை இறங்கி, ஏழை வீட்டுப் பெண்ணின் கூந்தலிலும் முழம் முழமாக ஏறும். பகலெல்லாம் காய்ந்த வெயிலின் வெக்கை மாலையில் சிறிது தணிந்ததுதான் தாமதம், கிழவரும் குழந்தைகளுமாக ஜனங்கள் மாசி வீதிகளை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவார்கள். சுவாமிக்கும் அம்மனுக்கும்கூட இந்தப் பருவத்தில் கர்ப்பக்கிருஹத்துக்குள்ளேயே இருப்பது தகாது என்று நம்மவர் கருதியிருக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோவிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டுவித்த புது மண்டபம், வசந்த உற்சவத்தில் இறைவனும் இறைவியும் எழுந்தருளி இளைப்பாறுவதற்கென்றே அமைந்த மண்டபந்தான்.

1623-ஆம் ஆண்டு முதல் 1659 வரை மதுரையை ஆண்ட அந்த நாயக்க மன்னரிடம் சித்திரைத் திருவிழா இன்றுள்ள உருவத்தைப் பெற்றது என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் செய்தி. மீனாட்சியின் திருக்கல்யாணமும் தேரோட்டமும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன என்றும், தேர் ஓடிய வீதிகளுக்கு மாசி வீதி என்ற பெயர் அதனாலேயே நிலைத்தது என்றும் சொல்வார்கள். அழகர்மலைப் பெருமாளோ சித்திரைப் பௌர்ணமியில் தேனூருக்குச் சென்று அங்கே வைகையில் இறங்கிக் கொண்டிருந்தார். சைவர்களின் விழா ஒன்று, வைஷ்ணவர்களின் விழா ஒன்று, நகரத்தாருடையது ஒன்று, நாட்டுப்புறத்தாருடையது ஒன்று என்று தனித்தனியே கிடந்தவற்றை, அறுவடை முடிந்து குடியானவன் களஞ்சியத்தை அடைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு புறப்படக்கூடிய ஒரே மாதத்தில் கொண்டுவந்து பிணைத்தது எத்தகைய யோசனை! தேரை இழுப்பதற்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டுமே என்ற கணக்கும் அதில் இருந்திருக்கலாம். எந்தக் காரணத்தால் பிணைத்திருந்தாலும், தங்கை மீனாட்சியின் திருமணத்துக்குச் சீர்கொண்டு வரும் அண்ணன் அழகர் வழியில் தாமதித்து, கல்யாணம் முடிந்துவிட்டதைக் கேட்டு, கோபத்துடன் ஆற்றிலிருந்தே வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார் என்று மக்கள் அதற்கு ஒரு கதையைச் சொல்லிக்கொண்டார்கள். புராணங்களில் இல்லாத கதை என்று பண்டிதர்கள் தள்ளிவிடலாம். அண்ணன் தங்கை உறவின் அருமை தெரிந்த ஒரு ஜனசமூகம் தானே புனைந்த கதை என்பதனால் அதன்மீது எனக்கு மதிப்பு அதிகம்.

இந்த விழாவைப் பற்றி நான் சொல்ல விரும்புவது முக்கியமாக ஒன்று. இதிலே வேடிக்கை பார்க்கிறவர் என்று ஒருவரும் கிடையாது. திருக்கல்யாணத்தன்று மதுரையில் இருந்தவர்கள் இதை அறிவார்கள். சுந்தரேசுவரர் அம்மனுக்கு மங்கலநாண் பூட்டும் அதே கணத்தில் ஆடி வீதியில் அமர்ந்திருக்கும் பெண்களும், வீட்டில் இருக்கும் பெண்களும் தங்கள் கழுத்து மஞ்சள் கயிற்றைப் புதிதாக மாற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். பாரதியார் 1904-இல் சில மாதங்கள் தமிழாசிரியராக இருந்த அந்தச் சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து நடக்கிறது. அடுப்பில் வேகும் அரிசியும் பருப்பும் காய்கறியும் ஊரார் கொண்டுவந்து கொடுத்தவை. சாப்பிட்டு எழுந்தவர்கள் கையைக் கழுவிவிட்டு, உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் செய்வதைப் போலவே மொய் எழுதிவிட்டுத்தான் போகிறார்கள். சாட்சாத் மீனாட்சிக்கே மொய் எழுதுகிறவனை எவ்வாறு பார்வையாளன் என்பது? அவன் பெண் வீட்டுக்காரன்.

அழகர் மலையிலிருந்து இறங்கியதும் இந்த உபசாரம் பன்மடங்காகிவிடுகிறது. பதினெட்டாம்படிக் கருப்பணசாமியிடம் விடைபெற்றுக்கொண்டு, கள்ளர் திருக்கோலத்தில், கண்டாங்கிப் பட்டு உடுத்துப் பல்லக்கில் புறப்படும் பெருமாளுக்கு நகரம் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தூரம். மோட்டாரில் அரை மணிப் பிரயாணம். அவருக்கோ ஒரு முழு இரவும் மறுநாளும் அதற்கு மேலும் வேண்டியிருக்கிறது; ஏனெனில் வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். கல்லால் கட்டிய மண்டபங்கள் சில. நாலு மூங்கிலும் தென்னங்கீற்றும் வேட்டித் துணியும் கொண்டு அன்று காலையில் எழுந்தவை பல. கள்ளந்திரியிலும் அப்பன்திருப்பதியிலும் கடச்சனேந்தலிலும் ஒவ்வொரு பந்தலுக்கும் உரிய குடும்பமோ தெருவோ தொழிற்சங்கமோ முந்தின நாளிலிருந்தே தரையைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மாவிலை கட்டி, வாழை நட்டுக் காத்திருக்கும். மூன்றுமாவடியில் நகரமே வந்து நின்று அவரை எதிர்கொண்டு அழைப்பதை எதிர்சேவை என்பார்கள். ஒரு கிராமத்துத் தெய்வம் பட்டணத்துக்குள் நுழைகையில் பட்டணம் எல்லைவரை நடந்து சென்று கைகூப்புகிறது.

மண்டகப்படி ஒன்றில் அரை நாள் உட்கார்ந்திருந்தால் இவ்விழாவின் உயிர்நிலை புலப்படும். சாலையில் தூரத்தே மேளச்சத்தம் கேட்டதும் வீட்டுத் தலைவி பித்தளைச் சொம்பில் நாட்டுச் சர்க்கரையை விளிம்பு வரை நிரப்பி, அதன்மேல் வாழையிலைத் துண்டை வைத்து மூடி, இலையின் நடுவே சூடத்தை ஏற்றி இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். பக்கத்து வீட்டாரும் அவ்வாறே வருகிறார்கள். பல்லக்கு நகர்ந்து சென்றதும் அந்தச் சர்க்கரையை அவள் தன் வீட்டுக்கு எடுத்துச் செல்வதில்லை. அறிந்தவர் அறியாதவர் என்று பாராமல் நீட்டிய கைகளுக்கெல்லாம் ஒவ்வொரு சிட்டிகையாக அள்ளிக் கொடுத்துவிடுகிறாள். இன்னொரு புறத்தில் அண்டாக்களில் நீர்மோரும் பானகமும் காலியாக ஆக நிரம்பிக்கொண்டே இருக்கும். “குடிச்சிட்டுப் போங்கண்ணே, சாமி வர இன்னும் நேரமிருக்கு” என்று முன்பின் தெரியாத வாலிபன் தம்ளரைக் கையில் திணிக்கிறான். வேண்டாம் என்றால் அவன் முகம் வாடிப்போகிறது. அவனுடைய பந்தலுக்கு வந்துவிட்டபடியால் நாம் அவன் வீட்டு விருந்தாளியாகிவிட்டோம்.

நேர்த்திக்கடனாகத் தண்ணீர் பீய்ச்ச வருகிறவர்கள் தோப்பறை என்னும் ஆட்டுத்தோல் பையைத் தோளில் மாட்டியிருப்பார்கள். தலையில் உருமால், இடுப்பில் கச்சை, காலில் சலங்கை. பையைக் கக்கத்தில் இடுக்கி அழுத்தினால் குழாய் முனையிலிருந்து நீர் நூலாகப் பிரிந்து பெருமாள் மீதும் கூட்டத்தின் மீதும் தெறிக்கும். சித்திரை வெயிலில் அந்தத் துளிகள் மேலே விழும்போது எத்தனை ஆயிரம் பேருடைய உடம்பு ஒருங்கே சிலிர்க்கிறது! வெயில் காய்கிற ஊர் தன் தெய்வத்துக்கும் வெக்கையாக இருக்குமே என்று நினைத்துக் குளிர்விப்பதில் எனக்கு மிகப்பெரிய நாகரிகம் தென்படுகிறது.

இவற்றையெல்லாம் சாஸ்திரத்திலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. பேராசிரியர் தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி நூலை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989-இல் வெளியிட்டது. கோனார்களும் கள்ளர்களும் பள்ளர்களும் பறையர்களும் வலையர்களும் அந்தக் கோவிலோடு எந்தெந்த முறையில் கட்டுண்டிருக்கிறார்கள் என்பதை, ஊர் ஊராகச் சென்று கேட்டு அவர் எழுதி வைத்தார். கோவிலைக் கல்லாலும் கல்வெட்டாலும் அளந்த காலத்தில், அதைச் சுற்றியுள்ள ஜனங்களைக் கொண்டு அளந்து காட்டிய நூல் அது. அழகரைப் பார்க்கப் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போவது நலம்.

2020-ஆம் ஆண்டு கொள்ளைநோயின் காரணமாகத் திருவிழா நின்றுபோயிற்று. சில பட்டர்கள் மாத்திரம் கூடித் திருக்கல்யாணத்தை நடத்தினார்கள். அதை வீட்டிலிருந்தபடியே திரையில் தரிசிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நெரிசலில் எட்டிப் பார்த்தவர்கள் ஒருநாளும் கண்டிராத அளவுக்கு அருகில், தெளிவாக, மந்திரம் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது. பெண்கள் திரைக்கு முன்னாலேயே தாலிக் கயிற்றை மாற்றிக்கொண்டார்கள். ஆயினும் அன்று வாசலில் நின்று பேசிக்கொண்ட ஒவ்வொருவரும் இந்த வருஷம் திருவிழா இல்லை என்றுதான் சொன்னார்கள். அவ்வாண்டும் அதற்கடுத்த ஆண்டும் அழகர் மலையை விட்டு இறங்கவில்லை. பந்தல் போடவும் மோர் ஊற்றவும் வழியில்லாத வீதிகள் இரண்டு சித்திரைகளை எவ்வாறு கடந்தன என்பதை அவ்வூரார் இன்னும் பேசுகிறார்கள்.

வைகையில் தானாக நீர் ஓடிய காலம் போய்விட்டது. பெருமாள் இறங்குவதற்கென்று வைகை அணையிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. கரையோரங்கள் நெருங்கிவிட்டன. கூட்டமோ வருஷந்தோறும் பெருகுகிறது. 2022-இல் நெரிசலில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. பாதுகாப்பின் பொருட்டு அதிகாரிகள் தடுப்பு வேலிகளும் அனுமதிச் சீட்டுகளும் ஏற்படுத்துவதை நான் குறை கூறவில்லை. குழந்தையைத் தோளில் தூக்கிவந்தவன் பத்திரமாக வீடு திரும்பவேண்டும். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் நடத்துகிறவர்கள், இந்தப் பக்கம் பார்க்கிறவர்கள் என்று விழா இரண்டாகப் பிரிந்துபோகுமோ என்ற கவலை என்னை விடுவதில்லை. சனி ஞாயிறுகளில் கடற்கரையிலும் மைதானங்களிலும் பந்தல் அமைத்துப் பாட்டும் தீனியும் வழங்கும் புதிய கொண்டாட்டங்கள் நம் நகரங்களில் பெருகி வருகின்றன. அவற்றை நடத்துகிறவர்களிடம், வருகிறவன் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன்; ஒரு குடம் தண்ணீர் சுமக்கவாவது விடுங்கள்.

அடுத்த சித்திரையில் மதுரைக்குப் போகிறவர்கள், ஆற்றில் இறங்கும் காட்சிக்காக விடியற்காலையில் ஆல்பர்ட் விக்டர் பாலத்தருகே முண்டியடிக்காமல், அதற்கு இரண்டு நாள் முன்பே மதுரையிலிருந்து அழகர்கோவில் சாலையில் புறப்பட்டு, அப்பன்திருப்பதிக்கும் கடச்சனேந்தலுக்கும் இடையே ஏதேனும் ஒரு சிறிய மண்டகப்படியில் போய் உட்காருங்கள். இரண்டு மூன்று கிலோ நாட்டுச் சர்க்கரை வாங்கிக்கொண்டு போங்கள். யார் என்ன என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். தொன்னை அடுக்கவோ, அண்டாவுக்குத் தண்ணீர் கொண்டுவரவோ யாராவது உங்களை அழைப்பார்கள்.